ஏழாம் நம்பர் அறையில் கிடைத்த மணி

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே
காலுறைக்குள் சுருட்டிக் கிடந்தது.
கூடவே தோல் சுற்றிய ஒரு குட்டித் தடி.
விட்டுப்போன சாமான் கொப்பியில் எழுதினேன்:
மணி ஒன்று, பித்தளை.
தட்டிப் பார்த்தேன்.
பித்தளையை வெட்டிவிட்டு வெண்கலம் என்று எழுதினேன்.

மூன்று மாதம் யாரும் கேட்காவிட்டால்
கண்டெடுத்தவருக்கே. நிஹால் மாத்தையாவின் சட்டம்.
அந்தச் சட்டத்தால் இதுவரை எனக்கு வந்தவை
ஒரு குடை, பாதி டியூப் வெயில் கிரீம்,
வாசிக்க முடியாத ஒரு ஜெர்மன் நாவல்.

மணியிலும் எழுத்து இருந்தது.
தோளைச் சுற்றித் தாமரை,
இதழுக்கு ஒன்றாய்ப் பொறித்த எழுத்து.
திபெத்து என்றார் மாத்தையா, ஃபோனைப் பார்த்து.
கைப்பிடியில் கண் மூடாத ஒரு முகம்,
அதன் தலைமேல் மொட்டாகக் குவிந்த கம்பிகள்.

எழுத்தை வாசிக்கத் தெரியாட்டி என்ன,
மணியை வாசி என்றான் புவிதரன்.
அவன் இசைக்குழுவில் அப்போது ஆள் குறைவு,
பேனர் மட்டும் பெரிது.

முதல் ஒத்திகை, தொழிற்சங்க ஆபீசின் பின்னறை.
நான் அடித்தேன், அவன் கீபோர்டில் தேடினான்.
வெள்ளைக் கட்டையில் இல்லை.
கறுப்பில் இல்லை.
இரண்டுக்கும் இடையில்
பிஸ்கட் தூள் விழுகிற அந்த இடுக்கில்
இருந்தது அதன் சுரம்.

விளிம்பை அராவினால் சரிவரும் என்றான்.
நான் மணியைத் திரும்பக் காலுறைக்குள் போட்டேன்.
அன்றைக்கு வேறு பேச்சில்லை.

மறுவாரம் அவனே சொல்லியனுப்பினான்.
கீபோர்டின் மெனுவுக்குள் இன்னொரு மெனு,
அதில் முப்பத்தேழு புள்ளி ஏற்றினால்
இரண்டும் ஒரே வாயால் பேசின.
என் தொண்டையில எங்கடா மெனு என்றாள் ஜெசிந்தா.
முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள்.

இருதயராஜின் தப்பு மட்டும் இறங்கியது.
அப்புத்தளையில் நாலு மணிக்கு
மூடுபனி ஜன்னல் வழி ஏறி உள்ளே வரும்.
தோல் அதைக் குடித்துத் தொளதொளக்கும்.
வெண்கலமோ குளிரில் மயிரளவு ஏறும்.
பழைய பேப்பரைக் கொளுத்தி
தப்பைக் காட்டிக் காட்டி அவன் ஏற்றுவான்.
ஒத்திகையில் பாதி
நெருப்பெட்டி தேடுவதில் போனது.

அடிப்பது ஒரு நொடி.
அணைப்பதற்குத்தான் இரண்டு வாரம் பழகினேன்,
பிளீச் வாசம் போகாத விரல்களால்.
சுண்டுவிரல் பட்டால் விக்கும்,
உள்ளங்கை பட்டால் செத்துப்போகும்.

தங்கமலையில் கலியாணம்.
பிளாஸ்டிக் நாற்காலி இருநூறு.
முதல் பாட்டின் தொடக்கம் என்னுடையது,
தனியே ஒரு அடி.
அடித்தேன்.

சனம் எழுந்துவிட்டது.
கை கூப்பி, கன்னத்தில் போட்டு,
சிலர் செருப்பைக் கழற்றி,
ஒருவர் கம்பளித் தொப்பியை அக்குளில் செருகி
தீபாராதனை எங்கே என்று மேடையில் தேடினார்கள்.
மாப்பிள்ளையும் கூப்பினான்,
அவனைப் பார்த்துவிட்டுப் பெண்ணும்.

புவிதரன் என்னைப் பார்த்தான்.
நிறுத்தினால் பூசை முடிந்ததாகிவிடும்.
இரண்டாம் அடி.
மூன்றாவதைத் தாளம் தள்ளி அடித்தேன்.
நாலாவதை அணைத்தேன், ஐந்தாவதை விட்டேன்,
தப்பு உள்ளே குதித்தது.
சாமிக்கு யாரும் இப்படி அடிக்கமாட்டார்கள் என்று
விளங்கி விளங்கி
ஒவ்வொரு கையாக இறங்கியது.
முன்வரிசையில் ஒரு அம்மாவுக்கு மட்டும்
கூப்பியதைப் பிரிக்க வெட்கம்.
அப்படியே தாளம் போட ஆரம்பித்தார்.

தடி எதற்கென்று
கடைசிப் பாட்டில்தான் காட்டினேன்.
அடிக்க அல்ல, விளிம்போடு சுற்றி வழிக்க.
மெல்ல ஒரு ரீங்காரம்,
எங்கிருந்து வருகிறதென்று யாருக்கும் பிடிபடாமல்.
மூன்றாம் வரிசையில் ஒரு பிள்ளை
டியூப்லைட்டைப் பார்த்தது.
பிறகு அதன் அப்பா. பிறகு பாதி மண்டபம்.
மணி என் கையில், கண்ணெல்லாம் கூரையில்.
வயர்மேன் ஏணியோடு வந்துவிட்டார்.

நான் வழிப்பதை நிறுத்தவில்லை.
அவர் ஏறத் தொடங்கினார்.